புதைந்துபோன கிணற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறீர்கள். "இந்த வீட்டில் ஒரு கிணறு இருந்ததே, என்ன ஆச்சு?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்கிறார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் புல்லும் செடியும்தான் தெரிகிறது. பலரும் இந்த இடத்தில்தான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். தயவுசெய்து அப்படி இறங்காதீர்கள். இந்த வேலையில் தோண்டுவது கடைசியில் வருவது. விசாரிப்பதும், வீட்டுக்குள் குழாய் வரும் வழியைப் பார்ப்பதும், தரையைப் பொறுமையாகக் கவனிப்பதும் முன்னால் வர வேண்டும்.

உறவினர் ஒருவர் வீட்டில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். முன்பக்கம்தான் கிணறு இருந்திருக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு, இரண்டு நாள் ஆறேழு குழிகள் தோண்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், சமையலறை அலமாரியை நகர்த்தியபோது சுவரின் அடியில் மூடி போட்டு அடைத்த இரும்புக் குழாய் ஒன்று தெரிந்தது. அந்தக் குழாய் நீட்டிய திசையிலேயே வெளியே போய்ப் பார்த்தோம். ஐந்து மீட்டர் தள்ளி ஒரு பூச்செடிப் பாத்தி இருந்தது. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே மரப்பலகைகள், அவற்றுக்குக் கீழே கிணறு. பலகைகளைக் கையால் கிள்ளினால் பொடியாக உதிர்ந்தன. அந்தப் பாத்தியில் நின்றுதான் வீட்டுக் குழந்தைகள் தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் எதற்கும் முன்னால் ஆபத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு

கைவிடப்பட்ட கிணற்றின் மூடி எந்த நிலையில் இருக்கிறது என்று மேலே நின்று பார்த்துச் சொல்லவே முடியாது. மரம் உளுத்திருக்கும், இரும்புத் தகடு துருப்பிடித்துக் காகிதம் போல ஆகியிருக்கும், கான்கிரீட் பலகைக்குள் இருக்கும் கம்பி வீங்கிப் பலகையையே பிளந்திருக்கும். பல வருடம் தாங்கிய மூடி உங்கள் எடையையும் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆழ்துளைக் கிணற்றின் துளை சிறியதுதானே என்றும் அசட்டையாக இருக்கக்கூடாது. 1987இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மிட்லாண்ட் என்ற ஊரில், 8 அங்குலக் குழாய்க்குள் விழுந்த ஒன்றரை வயதுக் குழந்தையை மீட்க இரண்டு நாளுக்கு மேல் ஆனது. அந்தக் குழந்தை பிழைத்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாட்கணக்கில் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. ஒரு சாண் அகலத் துளை போதும்.

அதனால் இந்த விதிகளை எழுதி ஒட்டிவைத்தாலும் தவறில்லை:

- தேடும் நாட்களில் குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.
- தனியாகத் தேடாதீர்கள். இன்னொருவர் கையில் போனோடு பத்தடி தள்ளி நிற்கட்டும்.
- சந்தேகப்படும் இடத்தில் கார், டிராக்டர், மண் அள்ளும் இயந்திரம் எதையும் ஏற்றாதீர்கள்.
- கிணறு தென்பட்டால், எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறங்காதீர்கள்.

கடைசி விதிக்குக் காரணம் தண்ணீர் மட்டுமில்லை, காற்றும்தான். மூடிக்கிடந்த கிணற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். சாதாரணக் காற்றில் அது ஏறக்குறைய 21 சதவீதம். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆபத்தான காற்று என்று தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரக்கச்செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று அந்த நேரத்தில் தோன்றும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் விழுவது இப்படித்தான். யாராவது விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறையை அழையுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். உள்ளே தீப்பற்றும் மீத்தேன் வாயு இருக்கவும் வாய்ப்புண்டு. தீக்குச்சி, மெழுகுவர்த்தி கொளுத்தி உள்ளே விட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

எந்தக் கிணறு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி

கையால் வெட்டிய கிணறு அகலமானது. வாய் மூன்றடிக்குக் குறையாது, பத்தடி, பதினைந்தடியும் இருக்கும். சுற்றிலும் கல், செங்கல், கான்கிரீட் உறை என்று ஏதாவது ஒரு சுவர். இதை மூட வேண்டுமானால் பெரிய பலகையோ சிலாப்போ தேவை. ஆக, நீங்கள் தேடுவது வட்டமான அல்லது சதுரமான ஒரு பெரிய அடையாளம்.

இயந்திரம் வைத்துத் துளைத்த ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், தரையில் வெறும் நாலு முதல் எட்டு அங்குலக் குழாயாகத்தான் தெரியும். தரைமட்டத்தில் அறுத்துவிட்டு மண்ணைத் தள்ளியிருந்தால் அதன் மேலேயே நின்றாலும் தெரியாது. மணற்பாங்கான இடங்களில் கூர்முனைக் குழாயை அடித்து இறக்கிய சிறு கிணறுகளும் உண்டு. அவற்றின் குழாய் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாது, கைபம்பு பொருத்தியிருப்பார்கள். இவற்றைக் கண்ணால் தேடுவது கஷ்டம், கருவி வேண்டும்.

மறைந்ததற்கான காரணமும் தேடலுக்கு உதவும். குழாய்த் தண்ணீர் வந்ததும் கிணற்றை மூடி மேலே புல் வளர்த்திருப்பார்கள். அல்லது வீட்டைப் பெரிதாக்கும்போது கிணறு புதுத் திண்ணைக்கோ வண்டி நிறுத்தும் இடத்துக்கோ அடியில் போயிருக்கும். கடும் குளிர் அடிக்கும் நாடுகளில் குழாய் உறைந்து வெடிக்கக்கூடாது என்று போர் குழாயின் தலையை வேண்டுமென்றே தரைக்கு அடியில், ஒரு குழிக்குள் அமைத்தார்கள். குழாயின் பக்கவாட்டிலேயே, உறையும் ஆழத்துக்குக் கீழே இணைப்புக் கொடுக்கும் முறை பரவிய பிறகுதான் தலை தரைக்கு மேலே வந்தது. அதனால் அங்கே பழைய வீடு என்றால் புதைந்த தலையையே எதிர்பாருங்கள்.

காகிதங்களும் மனிதர்களும்

முதலில் வீட்டுப் பத்திரம், பழைய கட்டட வரைபடம், கழிவுநீர்த் தொட்டியின் வரைபடம், முந்தைய உரிமையாளர் விட்டுப்போன ரசீதுகள். மோட்டார் பழுதுபார்த்த ஒரு பழைய பில்கூடப் போதும். எத்தனை அடி குழாய் இறக்கினார்கள், எந்த வகை மோட்டார் என்பது அதில் இருக்கும்.

அடுத்தது அரசுப் பதிவுகள். பல நாடுகளில் போர் போடுகிறவர் அதன் ஆழம், மண் அடுக்குகள், நீர் மட்டம் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இந்த அறிக்கைகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. பிரிட்டனில் தண்ணீருக்காக 15 மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டினால் விவரங்களை அந்நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனமான பிரிட்டிஷ் ஜியாலஜிக்கல் சர்வேக்கு அனுப்ப வேண்டும், பழைய துளைகளின் பதிவுகளை அங்கே பார்க்கவும் முடியும். அந்நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களில் கிணற்றை 'டபிள்யூ' என்ற எழுத்தாலும் பம்பை 'பி' என்ற எழுத்தாலும் குறித்திருப்பார்கள். உங்கள் ஊரின் நில அளவை வரைபடத்தில் இதுபோன்ற குறியீடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: பதிவில் இருக்கும் இடத்தை அப்படியே நம்பிவிடக்கூடாது. மனையின் நடுப்புள்ளியையோ தெருமுனையையோ கிணற்றின் இடமாக எழுதிவைத்த பதிவுகள் நிறைய உண்டு.

வான்வழிப் படங்கள் என்னுடைய விருப்பமான வழி. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களுக்குப் பின்னோக்கிப் போகலாம். வீடு விரிவாக்கப்படுவதற்கு முந்தைய படம் கிடைத்தால் அதில் சின்னப் பம்பு அறை, வட்டமான நிழல், பின்கட்டிலிருந்து எங்கோ போய் முடிகிற ஒற்றையடிப் பாதை இவற்றைத் தேடுங்கள். தினம் நான்கு முறை குடத்தோடு நடந்த பாதை தரையில் தழும்பு மாதிரி நிற்கும்.

மனிதர்களிடம் கேட்கும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "கிணறு எங்கே இருந்தது?" என்றால் "அந்தப் பக்கம்தான் எங்கேயோ" என்று கையை வீசுவார்கள். "தண்ணீர் எடுத்துக்கொண்டு எந்தக் கதவு வழியாக வீட்டுக்குள் போவார்கள்?", "மோட்டார் சத்தம் எந்த ஜன்னலில் கேட்கும்?", "துணி எங்கே துவைத்தார்கள்?" என்று கேட்டால் ஞாபகம் துல்லியமாக வரும். முந்தைய உரிமையாளரின் பிள்ளைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. "அங்கே போகாதே" என்று சிறுவயதில் மிரட்டி வைத்த இடம் யாருக்கும் மறப்பதில்லை. அந்த வட்டாரத்தில் நெடுநாளாக போர் போடுகிறவர், மோட்டார் மெக்கானிக், குழாய்ப் பணியாளர் இவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குள் தொடங்குங்கள்

கிணற்றுத் தண்ணீர் ஒரு காலத்தில் வீட்டுக்குள் வந்திருந்தால், அது நுழைந்த வழி எங்காவது மிச்சமிருக்கும். தரைத்தளத்தின் வெளிச்சுவர்களை, தரைக்கு அடியில் அறை இருந்தால் அதன் சுவர்களை, டார்ச் அடித்து ஓரம் ஓரமாகப் பாருங்கள். அறுத்து மூடி போட்ட குழாய், சுவரில் வட்டமாகச் சிமென்ட் பூசிய ஒட்டு, அழுத்தத் தொட்டி நின்ற இடத்தின் துருக்கறை, எங்கே போகிறது என்று தெரியாத தடித்த மின்கம்பி, மின்பலகையில் 'பம்ப்' என்று எழுதிய பழைய சுவிட்ச் எல்லாமே தடயங்கள்தான்.

குழாய்களின் எண்ணிக்கையே ஒரு தகவல். பம்ப் வீட்டுக்குள் இருந்து, வெளியிலிருந்து ஒரே ஒரு குழாய் வந்தால், அது உறிஞ்சும் பம்ப். காற்றழுத்தம் தண்ணீரைத் தூக்கக்கூடிய உயரம் கடல்மட்டத்தில் அதிகபட்சம் 10.3 மீட்டர்தான். நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் உறிஞ்சாது. எனவே அந்தக் கிணற்றின் நீர்மட்டம் மேலாகவே இருந்திருக்கிறது, பம்புக்குப் பக்கத்திலேயே கிணறு இருக்கவும் வாய்ப்பு அதிகம். இரண்டு குழாய்கள் பக்கம் பக்கமாகச் சுவரைத் தாண்டினால் அது ஆழமான கிணற்றுக்குப் போடும் ஜெட் பம்ப். ஒரு குழாயும் கூடவே மின்கம்பியும் வெளியே போனால் நீர்மூழ்கி மோட்டார், அதாவது ஆழ்துளைக் கிணறு.

குழாய் பதிப்பவர்கள் வீணாக வளைக்க மாட்டார்கள். சுவருக்குச் செங்குத்தாக, நேராகக் கிணற்றை நோக்கியே பள்ளம் வெட்டுவார்கள். அதனால் குழாய் வெளியேறும் புள்ளியைச் சுவரின் வெளிப்பக்கத்தில் அளந்து குறியுங்கள். அங்கிருந்து ஒரு கயிற்றை நேராக இழுத்துக் கட்டுங்கள். அந்தக் கயிற்றுக்கு இரு பக்கமும் இரண்டு மீட்டர் அகலப் பட்டைதான் உங்கள் முதல் தேடுதல் களம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் யோசிக்கலாம். கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே 15 முதல் 30 மீட்டர் வரை இடைவெளி வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. தொட்டி வீட்டின் ஒரு பக்கம் என்றால் கிணற்றை எதிர்ப்பக்கத்தில், மேடான பகுதியில் தேடுவது புத்திசாலித்தனம். மிகப் பழைய வெட்டுக் கிணறுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவை பெரும்பாலும் சமையலறைக் கதவுக்கு அருகிலேயே இருக்கும். ஆழ்துளைக் கிணறு என்றால் போர் வண்டி வந்து நின்றாக வேண்டும். லாரி நுழைய முடியாத சந்து, தலைக்கு மேல் மின்கம்பி தொங்கும் இடம் இவற்றையெல்லாம் தேடும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

தரையைப் படிப்பது

காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தோட்டத்தில் நில்லுங்கள். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் தரையில் அப்போது மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். மாடி ஜன்னலிலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ பார்த்தால் இன்னும் தெளிவு.

கண்ணில் பட வேண்டியவை: வட்டமாகத் தாழ்ந்த பள்ளம் (உள்ளே நிரப்பிய மண் வருடக்கணக்கில் இறங்கியிருக்கும்). மற்ற இடம் பசுமையாக இருக்க, வட்டமாகவோ சதுரமாகவோ காய்ந்து கிடக்கும் புல் (கீழே சிலாப், அதன் மேல் மெல்லிய மண்). அல்லது இதற்கு நேர்மாறாக, கோடையிலும் வாடாத ஒரு திட்டு (இளகிய, ஈரம் தங்கும் நிரப்பு மண்). இரண்டுமே தடயம்தான், ஒன்று மூடிய கிணற்றைச் சொல்கிறது, மற்றது தூர்த்த கிணற்றைச் சொல்கிறது. பனி விழும் ஊர்களில் முதல் பனிக்குப் பிறகு பாருங்கள். பூமிக்குள்ளிருக்கும் காற்று குளிர்காலத்தில் வெளிக்காற்றைவிடச் சூடானது, அதனால் கிணற்று மூடியின் மேல் பனி முதலில் உருகும்.

மனிதர்கள் செய்த மறைப்புகளும் உண்டு. எந்தக் காரணமும் இல்லாமல் புல்வெளி நடுவில் ஒற்றையாக நிற்கும் பெரிய கல், வட்டமான பூச்செடிப் பாத்தி, பெரிய தொட்டிச் செடி, பொம்மைக் கிணறு. குழாயின் தலையை மறைக்கவென்றே உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் பாறைகள் விற்பனையாகின்றன. பாறையைத் தட்டிப் பாருங்கள். திண்ணைத் தரையில் ஒரு சதுரம் மட்டும் வேறு நிறமாகவோ, இரும்பு வளையம் பதித்தோ இருந்தால் அதன் கீழே பார்க்கத்தான் வேண்டும். தரையிலிருந்து முளைத்து எங்கும் போகாத மின்குழாயும் அப்படித்தான்.

பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். பெரியவர் காட்டிய திசை, சுவரிலிருந்து இழுத்த கோடு, காய்ந்த புல்வட்டம் மூன்றும் ஓரிடத்தில் சந்தித்தால், கருவியை அங்கேதான் முதலில் கொண்டுபோக வேண்டும்.

கருவிகள்: எது எதைக் காட்டும்?

வாடகைக்குக் கருவி எடுக்கும் முன் இதைப் புரிந்துகொண்டால் பணமும் நேரமும் மிச்சமாகும். மெட்டல் டிடெக்டர் எல்லா உலோகத்தையும் காட்டும். இதில் ஒரு சிரமம், பழைய ஆணி, பாட்டில் மூடி எல்லாவற்றுக்கும் அது கத்தும். ஆழமும் போகாது. சாதாரணக் கருவி ஓரடிக்கு மேல் சின்னப் பொருளைக் காட்டுவது அரிது. காந்த லொக்கேட்டர் என்பது வேறு. அது இரும்பையும் எஃகையும் மட்டும் உணரும், அலுமினியம், செம்பு எதையும் கண்டுகொள்ளாது. செங்குத்தாகப் புதைந்த இரும்புக் குழாய் பூமியின் காந்தப்புலத்தில் பல வருடம் நின்று தானே ஒரு நீளக் காந்தமாகிவிடுகிறது. அதன் மேல்முனைக்கு நேர் மேலே கருவியின் ஒலி சட்டென்று உச்சத்துக்குப் போகும். பல அடி ஆழத்தில் புதைந்த இரும்புக் குழாயைத் தேட இதைவிட நல்ல கருவி வீட்டுக்காரர் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

குழாய் பிவிசி பிளாஸ்டிக் என்றால் இரண்டு கருவியும் குழாயைக் காட்டாது. மூடி உலோகமாக இருந்தால் அதைப் பிடிக்கலாம். இல்லையென்றால் மோட்டாரின் மின்கம்பியைப் பின்தொடருங்கள். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, கம்பியின் வீட்டுப் பக்க முனையில் சிக்னல் அனுப்பும் கருவியை இணைத்து, அந்தச் சிக்னலைப் பிடிக்கும் ஏற்பியோடு வெளியே நடந்தால் கம்பி போகும் பாதை முழுவதும் ஒலி கேட்கும். கம்பி கிணற்றுக்குள் செங்குத்தாக இறங்கும் இடத்தில் ஒலி அறுந்துவிடும். அந்த இடம்தான். இணைப்பைத் துண்டிக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். கம்பியும் இல்லையென்றால், அறுந்த குழாய்க்குள் நெகிழும் கம்பியின் முனையில் சிக்னல் அனுப்பும் சிறு கருவியைக் கட்டி உள்ளே தள்ளி, அது போகும் வழியை மேலிருந்து ஏற்பியால் தொடர்வார்கள். சாக்கடை அடைப்பை கேமரா விட்டுப் பார்ப்பவர்களிடம் இந்தக் கருவி இருக்கும்.

மோட்டார் இன்னும் ஓடுகிறது, ஆனால் கிணறு எங்கே என்றுதான் தெரியவில்லை என்றால் உங்கள் வேலை சுலபம். இரவின் அமைதியில் மோட்டாரை ஓடவிட்டு, ஓர் இரும்புக் கம்பியைக் குழாய்ப் பாதை நெடுகத் தரையில் லேசாக ஊன்றி மறுமுனையில் காது வையுங்கள். உறுமல் எங்கே பலமாகிறதோ அந்தத் திசையில் போங்கள்.

தரைக்குள் ரேடியோ அலைகளை அனுப்பிப் பார்க்கும் தரை ஊடுருவும் ராடார் வெட்டுக் கிணற்றுக்கும் தூர்த்த கிணற்றுக்கும் நல்லது. உலர்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும், ஈரக் களிமண்ணில் அலைகள் சீக்கிரம் அடங்கிவிடும். ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும், செலவும் கூடுதல். வேறு எதுவும் பலன் தராதபோது யோசிக்கலாம்.

கவைக்குச்சி வைத்து நீரோட்டம் பார்ப்பதைப் பற்றியும் கேட்பார்கள். நீங்கள் தேடுவது நீரோட்டத்தை இல்லை, மனிதன் கட்டிய ஒரு பொருளை. அதற்குத் தடயங்கள் இருக்கின்றன, அவற்றைப் பின்தொடருங்கள்.

குத்திப் பார்ப்பதும் திறப்பதும்

இங்கே இரண்டு அவசரங்களை அடக்க வேண்டும். கம்பி குத்துவதற்கு முன், நிலத்தடி மின்கம்பி, எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கம்பி போகும் இடங்களைச் சம்பந்தப்பட்ட துறையிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், சந்தேகப்படும் வட்டத்தின் நடுவிலிருந்து தொடங்காதீர்கள். வெளியிலிருந்து உள்நோக்கி வாருங்கள்.

நாலடி நீள எஃகுக் கம்பி, மேலே பிடிக்க ஒரு குறுக்குக் கைப்பிடி, இது போதும். ஓரடிக்கு ஒரு குத்து என்று கட்டம் போட்டுக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள். கைக்கு வரும் உணர்வு பேசும். கல் என்றால் 'ணங்'கென்று நின்று அடுத்த குத்தில் இல்லாமல் போகும். சிலாப் என்றால் நாலைந்து குத்துகளில் ஒரே ஆழத்தில் நிற்கும். மரம் மந்தமாக ஒலிக்கும், கம்பி கொஞ்சம் கவ்வும். எதிர்ப்பே இல்லாமல் கம்பி சட்டென்று உள்ளே போனால் நிறுத்துங்கள். அது வெற்றிடம். அப்படியே வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

மண்ணை அகற்றும்போது விளிம்பு என்று தோன்றும் இடத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளித் தொடங்கி, கையால் சுரண்டிச் சுரண்டி வாருங்கள். கடப்பாரையால் ஓங்கிக் குத்துவது கூடாது. வெட்டுக் கிணறு என்று சந்தேகம் இருந்தால், இருபுறமும் உறுதியான தரையில் தாங்கும்படி நீளமான தடித்த பலகைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் இருந்துகொண்டு வேலை செய்யுங்கள். இடுப்பில் பாதுகாப்புக் கச்சையும், உறுதியான மரத்திலோ தூணிலோ கட்டிய கயிறும் இருக்கட்டும். மூடியின் ஓர் ஓரம் தெரிந்ததும் என் அறிவுரை இதுதான்: அதோடு நிறுத்திவிட்டு, கிணற்று வேலை தெரிந்தவரை அழையுங்கள். அவர் வரும்வரை சுற்றி வேலி அடைத்துவிடுங்கள்.

கிடைத்தது கிணறுதானா?

கழிவுநீர்த் தொட்டி, மழைநீர்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி எல்லாமே தோட்டத்தில் புதைந்திருக்கும். மழைநீர்த் தொட்டிக்கு அடியில் கட்டிய தளம் உண்டு, உட்சுவர் பூசியிருக்கும், கூரையிலிருந்து வரும் குழாய் அதில் முடியும். கழிவுநீர்த் தொட்டி செவ்வகமாக, நாற்றத்தோடு இருக்கும். எண்ணெய்த் தொட்டியின் குழாய் மெல்லியது, முகர்ந்தாலே தெரியும். ஆழமாக, அடியில் தளம் கட்டாமல், பூசாத கல்லுறையோடு இருந்தால் கிணறு.

உள்ளே பார்க்க எளிய வழி ஒரு கண்ணாடி. வெயில் உள்ள நேரத்தில் தள்ளி நின்றபடி சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பித் துளைக்குள் அடித்தால், டார்ச் எட்டாத ஆழம்வரை வெளிச்சம் போகும். ஆழத்தை, எடை கட்டிய அளவுநாடாவை இறக்கி அளக்கலாம். திறந்த வெட்டுக் கிணற்றில் ஒரு சின்னக் கூழாங்கல்லைப் போட்டும் தோராயமாகக் கணக்கிடலாம். ஒரு விநாடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நீர்மட்டம் ஏறக்குறைய 5 மீட்டரில், இரண்டு விநாடி என்றால் 18, 19 மீட்டரில். ஆழ்துளைக் கிணற்றில் கல் போடவே கூடாது. மோட்டார் சிக்கிக்கொள்ளும், துளையும் அடைபடும்.

கண்டுபிடித்த பிறகு

முடிவு இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: ஒழுங்காகப் பயன்படுத்துவது, அல்லது ஒழுங்காக அடைப்பது. 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று மறுபடி பலகை போட்டு மண் தள்ளினால் அடுத்து வருபவருக்குப் பொறி வைத்த மாதிரி.

பயன்படுத்துவதென்றால், முதலில் தூர்வாரிச் சுத்தம் செய்து, குளோரின் போட்டு, பிறகு ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரில் 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ-கோலை கிருமிகூட இருக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுப்படி லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், இவற்றைத் தாண்டக்கூடாது. தெளிவாக இருக்கிறது, இனிக்கிறது என்பதெல்லாம் சோதனை ஆகாது. போர் குழாயைத் தரைக்கு மேல் ஓரடியாவது உயர்த்தி, பூச்சி நுழையாத இறுக்கமான மூடி போட்டு, மழைநீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுங்கள்.

அடைப்பதென்றால், கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி நிரப்புவது இருப்பதிலேயே மோசமான வழி. மழைநீர் மண்ணடுக்குகள் வழியே மெல்ல வடிகட்டப்பட்டுத்தான் நிலத்தடி நீரைச் சேர்கிறது. கிணறு அந்த அடுக்குகளை எல்லாம் தாண்டிப்போகும் நேர்வழி. அதில் கொட்டும் குப்பையின் சாறு உங்கள் பக்கத்து வீட்டு போரில்தான் போய்ச் சேரும். குப்பை அழுகி இறங்க இறங்க மேலே தரையும் சில வருடங்களில் உள்வாங்கும். முறைப்படி செய்பவர்கள் பழைய மோட்டார், குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆழ்துளைக் கிணற்றில் அடிவரை ஒரு குழாயை இறக்கி, சிமென்ட் குழம்பையோ பென்டனைட் களிமண்ணையோ கீழிருந்து மேலாக நிரப்புவார்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் வெற்றிடம் தங்கிவிடும். வெட்டுக் கிணற்றில் சுத்தமான மணலும் ஜல்லியும் போட்டு, மேல்பகுதி உறையை இடித்தெடுத்துவிட்டு, நீர் புகாத களிமண் அடுக்கால் மூடுவார்கள். இது உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. பல இடங்களில் சட்டமும் அதையே சொல்கிறது. அனுமதி தேவையா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஆளைப் பேசுங்கள்.

எது செய்தாலும், ஆட்கள் கிளம்பும் முன் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து கிணற்றின் நடுப்புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். இரண்டு அளவும் இருந்தால் பிறகு எத்தனை மண் போட்டாலும் அந்தப் புள்ளியை மறுபடி பிடித்துவிடலாம். போனில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து, ஆழம், நீர்மட்டம், அடைத்த தேதி, அடைத்தவர் விவரம், நாலைந்து புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். ஒரு நகலை உள்ளாட்சி அலுவலகத்திலும் கொடுங்கள். வீட்டை விற்கும் நாளில் சாவியோடு சேர்த்து அந்த உறையும் கைமாறட்டும்.